பிள்ளையின் விண்ணப்பத்தைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள்!

(வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது குறித்து, மேல்நிலை வகுப்பு மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



 

எனக்கு முன் பேசிய சகோதரர், கல்விக்காகச் சீனா வரை போகச் சொல்லும் அந்தச் செய்தியை எடுத்துச் சொன்னார். மேடைக்கு மேடை சொல்லப்படுவதுதான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொன்னதற்குப் பலமான ஆதாரம் இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். அது இல்லாததால் நமக்கு ஒரு குறையும் இல்லை. கல்வியின் சிறப்பைச் சொல்ல ஆதாரப்பூர்வமான செய்திகள் ஏராளமாக இருக்கின்றன. நான் பேச வந்தது சீனா போகலாமா, ஜெர்மனி போகலாமா என்பதைப் பற்றி அல்ல. போவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமே, அதைப் பற்றி.

சபர் நமக்குப் புதிதா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பினாங்கில் போய்ப் பாருங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம்மவர்கள் எழுப்பியது. பிறகு வளைகுடா வந்தது. வளைகுடாவோடு இன்னொன்றும் வந்தது: ஏஜென்ட்! பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "விசா எப்ப வரும் பாய்?" என்று நடையாய் நடந்து பழகிய சமுதாயம் நாம். உழைக்கப் போகிறவனுக்கு அது ஒருவகையில் போதுமானதாக இருந்தது. அங்கே கேட்டது இரண்டு கைகளை. ஆனால் பல்கலைக்கழகம் கேட்பது அதுவல்ல சகோதரர்களே! நீ யார், இதுவரை என்ன படித்தாய், ஏன் படிக்க விரும்புகிறாய், உன் செலவுக்கு யார் பொறுப்பு? இந்த நான்கையும் உன் வாயால் கேட்க விரும்புகிறது. இதற்கு ஏஜென்ட் பதில் சொல்ல முடியுமா?

என் சொந்தத்தில் ஒரு பையன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். வாப்பா பருப்பு மொத்த வியாபாரம். வசதிக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் இளங்கலைப் படிப்புக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் 3 லட்சம் ரூபாய் வாங்கினார். ரசீது கிடையாது. பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. ஊரில் லட்டு கொடுத்தார்கள். ஐந்தாறு வாரத்தில் விசா மறுப்புக் கடிதம் வந்தது. இணைக்கப்பட்ட வங்கிச் சான்று போலியானது என்று அதில் எழுதியிருந்தது. அந்த வங்கியில் பையனுக்கோ வாப்பாவுக்கோ கணக்கே கிடையாது! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்னிடம் சொன்னான்: "மாமு, என் விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை."

அவனுக்கு அப்போது வயது 18. விண்ணப்பத்தில் மோசடி நடந்திருக்கிறது என்று முடிவானால் 10 ஆண்டுகளுக்கு அடுத்தடுத்த விண்ணப்பங்களையும் தள்ளுபடி செய்வது பிரிட்டனின் குடிவரவு விதி. அமெரிக்கச் சட்டத்தில் அது ஆயுள் முழுக்கத் துரத்தும் தடையாகவே ஆகலாம். "ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது" என்ற வாதம் எடுபடுவதில்லை. கையெழுத்து உன்னுடையது. 2023ஆம் ஆண்டு கனடாவில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் படித்து முடித்து, வேலைக்கும் சேர்ந்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான், முதன்முதலில் தங்களை அழைத்துப்போன சேர்க்கைக் கடிதமே போலி என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்து, தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் அந்த அரசு இறங்கி வந்து, ஏமாற்றப்பட்டவர் யார், உடந்தையானவர் யார் என்று தனித்தனியாக விசாரித்தது.

எல்லா ஏஜென்டும் திருடர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் புரிந்துகொள்வது போல இதைப் புரிந்துகொள்ளுங்கள். அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கொடுப்பது ஒரு பங்குதான். பல கல்லூரிகள் ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக அவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. கமிஷன் தரும் சரக்கைத்தான் அவர் கடை முகப்பில் அடுக்கி வைப்பார். கமிஷன் தராத இடங்களைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமான இடங்கள் பல, அந்தக் கமிஷன் தராத பட்டியலில்தான் இருக்கின்றன!

அவர் சொல்லாத இடங்கள்

துருக்கி அரசு "துர்க்கியே புர்ஸ்லாரி" என்ற உதவித்தொகையை வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருகிறது. வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு வயது 21க்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் 70 சதவீதம், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு 90 சதவீதம். படிப்புக் கட்டணம், விடுதி, மாதாந்திரப் படி, ஓராண்டு துருக்கி மொழிப் பயிற்சி, போக வர விமானச் சீட்டு எல்லாம் அதில் அடக்கம். போட்டி கடுமை. ஆனால் விண்ணப்பக் கட்டணம் ஒரு காசு கிடையாது. இந்த இலவச விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் பல்லாயிரம் ரூபாய் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். 2025 மே மாதத்திற்குப் பிறகு நம் நாட்டுக்கும் துருக்கிக்கும் உறவு கசந்திருக்கிறது. இங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் துருக்கிப் பல்கலைக்கழகங்களோடு செய்த ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தன. போகிறவர் இதையும் எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1961ல் தொடங்கியது. ஆலிம்கள் மட்டும் போகும் இடம் என்று நினைக்கிறோம். பிற்காலத்தில் பொறியியலும் அறிவியலும் கணினியும் அங்கே வந்துவிட்டன. படிப்பும் தங்குமிடமும் இலவசம். மலேசியாவில் 1983ல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது. அங்கே கட்டணம் உண்டு. ஆனால் நம்மவர்களுக்கு அந்த நாட்டில் மாமனோ மச்சானோ இல்லாத ஊர் குறைவு. இது சிறிய உதவியா?

அமெரிக்காவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் என்று. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது, உண்மை. ஆனால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள், வெளிநாட்டு மாணவனாக இருந்தாலும் அவன் வீட்டு வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு வீட்டால் முடியாத தொகையைத் தாங்களே ஏற்கின்றன. அது கடன் அல்ல, வட்டி அல்ல, உதவி. நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கிடைக்கும் என்று ஆசை காட்டவில்லை. முதல் மாணவன் ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால், பணமில்லை என்ற காரணத்தால் அவனை விண்ணப்பிக்கவே விடாமல் தடுக்காதீர்கள் என்கிறேன்.

அமெரிக்கா போக நினைக்கும் தம்பிகளுக்கு இன்னொன்று. விசா படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் நீ பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில், காஸாவைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு கட்டுரையில் கையெழுத்திட்ட துருக்கி நாட்டு மாணவியைத் தெருவில் வைத்துப் பிடித்துப் போனார்கள். ஆறு வாரம் கழித்து நீதிமன்றம்தான் விடுவித்தது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல அஞ்சாதே. ஆனால் யாரோ அனுப்பிய வசையையும் வதந்தியையும் விசாரிக்காமல் நாலு பேருக்குத் தள்ளிவிட்டாயே, அதற்கு நீ எங்கேயும் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரும் இந்த நிலைமையைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஜெர்மனியும் 12 லட்சமும்

நம் வணிகர்கள் காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய நாடு ஜெர்மனி. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. விதிவிலக்கு உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாதவர் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் வாங்குகிறது.

பிறகு ஏன் எல்லோரும் போகவில்லை? மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, நம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று மட்டும் அங்கே நேரடியாகச் செல்லாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டைத் தேர்ச்சியோடு முடித்திருக்க வேண்டும். அல்லது அங்கே "ஸ்டூடியன்கொலெக்" என்ற ஆயத்த வகுப்பில் இரண்டு பருவம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். இரண்டாவது, இளங்கலைப் பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். ஆங்கிலத்தில் நடப்பவை குறைவு. ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே மொழி படிக்கத் தொடங்க வேண்டும். சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அதற்கும் சில வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பித்தாக வேண்டும். குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். தேர்வு முடிவு மே மாதம் வந்த பிறகு ஓட ஆரம்பிப்பவன் எங்கே போய்ச் சேருவான்?

மூன்றாவது வாசல் பணம். 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோவை ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். இது கட்டணம் அல்ல, கவனியுங்கள்! பையன் பெயரில் இருக்கும் பணம். அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் அவனுக்கே திரும்ப வரும். அதில் வாடகை கொடுத்துச் சாப்பிடுவான். மறு ஆண்டு மீண்டும் கையிருப்பைக் காட்ட வேண்டும். இந்தப் பன்னிரண்டு லட்சத்துக்கு நான் திரும்ப வருவேன். மறந்துவிடாதீர்கள்.

கல்லாவில் இருக்கும் பணம்

இங்கிலாந்துக்குப் போகும் மாணவன், முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கியும் ஒன்பது மாதச் சாப்பாட்டுச் செலவும் தன் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். 27 நாள் இருந்து ஒருநாள் குறைந்தாலும் மறுப்புத்தான். இந்த 28 நாளை வைத்து இங்கே ஒரு தொழிலே நடக்கிறது. "காட்டுப் பணம்" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஏஜென்டே 30 லட்சத்தை உங்கள் கணக்கில் போடுவார். மாதம் முடிந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்வார். சகோதரர்களே, ஒரே காரியத்தில் பொய்யும் வட்டியும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கிறது! இதைச் செய்துவிட்டுப் பையன் பத்திரமாகப் போய்ச் சேர ஹஜ்ரத்திடம் துஆ செய்யச் சொல்கிறோம்.

ஆனால் இதில் நம் வணிகர்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். காட்டுப் பணம் எதற்குத் தேவைப்படுகிறது? பல வீடுகளில் உண்மையிலேயே பணம் இருக்கிறது. கல்லாவில் இருக்கிறது, சரக்கில் இருக்கிறது, பெண்ணின் நகையில் இருக்கிறது, நிலத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கில்தான் இல்லை. வருமான வரிக் கணக்கைப் பார்த்தால் ஆண்டு வருமானம் 4 லட்சம் என்று இருக்கிறது. அந்த 4 லட்சத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 25 லட்சம் கட்டுவேன் என்று எழுதினால் தூதரக அதிகாரி சிரிக்க மாட்டாரா? நீ இத்தனை ஆண்டு எழுதிய கணக்கு, உன் பிள்ளையின் வாசலில் வந்து உனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வரும்போதே ஆடிட்டரிடம் போய் உட்காருங்கள். கணக்கை நேராக்க மூன்று ஆண்டு பிடிக்கும்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். எழுத்தரை வை, சாட்சி வை என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, 3 லட்சத்தைத் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் எண்ணிக் கொடுக்கிறோம். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் என்ன வேலைக்கு எவ்வளவு, இடம் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் பையனிடம் இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி அவனுடையதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தரமாட்டேன் என்கிறவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்.

மருத்துவம் என்ற மோகம்

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தாய்மார்களிடமிருந்து ஒரு சீட்டு வரும்: "என் மகனை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா?" வைக்கலாம். முதலில் நீட் தேறியிருக்க வேண்டும். தேறாதவர் வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே பதிவு செய்ய முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளைப் படியுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து இங்கேயும் 12 மாதம். இந்த 54 மாதத்துக்குக் குறைவான படிப்பைத் தலையில் கட்டிவிட்டால் பையன் டாக்டராக மாட்டான், கடனாளியாவான். 2023ஆம் ஆண்டு, வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தவர்கள் எழுதும் தேர்வில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2022ல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்பில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்களே, அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். நாட்டின் நிலைமையையும் விண்ணப்பிக்கும் முன் விசாரியுங்கள். மருத்துவம் அல்லாத மற்றப் பட்டங்களுக்கும், இங்கே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போவதென்றால் இணைச் சான்று தேவை. அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது.

பெயரில் இருக்கும் தொல்லை

சிறிய விஷயம் போலத் தோன்றும். முஹம்மது என்ற அழகான பெயரை நாம் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றில் "ஓ", பள்ளியில் "யூ", பாஸ்போர்ட்டில் இரண்டு "எம்", ஆதாரில் ஒரு "எம்". மொய்தீனுக்கோ கணக்கே இல்லை. தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடுவது நம் வழக்கம். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யூ." என்று அடித்துவிடுவார்கள். "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது! உம்மா வாப்பா ஏழாம் நாள் அகீகா கொடுத்து வைத்த பெயருக்கு இந்தக் கதி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன்பே எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ் வரை அலைய வேண்டும்.

பள்ளி தரும் கடிதமும் அப்படித்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதாம் வகுப்பு முதலே மதிப்பெண் கேட்கும். ஆசிரியர் கடிதமும் கேட்கும். நம் தலைமையாசிரியர்கள், பாவம், "நன்னடத்தை உள்ளவர், ஒழுக்கம் நன்று" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது மாற்றுச் சான்றிதழ் வாசகம். இந்த மாணவன் வகுப்பில் என்ன கேள்வி கேட்டான், எந்தக் கணக்கில் மல்லுக்கட்டினான் என்று எழுத வேண்டும். ஆசிரியரிடம் இரண்டு மாதம் முன்பே போய்ப் பணிவாகக் கேள் தம்பி. கடைசி நாளில் போய் நிற்காதே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அக்டோபர் 15ஆம் தேதியே கடைசி. நீ அப்போது காலாண்டுத் தேர்வு முடித்து உட்கார்ந்திருப்பாய்.

பிறகு அந்தக் கட்டுரை. அமெரிக்கப் பொது விண்ணப்பத்தில் 650 சொல். பிரிட்டனின் யூகாஸ் படிவத்தில் மூன்று கேள்விகளுக்குச் சேர்த்து 4,000 எழுத்து. இதையும் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள், இப்போது எந்திரத்திடமும் எழுதி வாங்குகிறார்கள். ஒரு தம்பி எனக்குக் காட்டினான். சிறுவயது முதல் விண்வெளியைப் பார்த்து வியந்ததாக எழுதியிருந்தது. "நீ பார்த்தாயா?" என்றேன். சிரித்தான். பள்ளி விட்டு வந்து தினமும் வாப்பாவின் கடையில் உட்கார்ந்து, மூன்று மாதம் பாக்கி வைத்த வாடிக்கையாளர்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றி, யார் எந்த மாதம் கொடுப்பார்கள் என்று கணக்குப் பார்த்திருக்கிறான் அவன்! பெருநாளுக்கு முந்தைய மாதம் வசூல் ஏன் ஏறுகிறது, ஆடியில் ஏன் இறங்குகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. புள்ளியியல் படிக்க விண்ணப்பிக்கும் பையன் இதை விட்டுவிட்டு விண்வெளியை எழுதுகிறான். ஏன்? கடை வெட்கமாகப் பட்டது அவனுக்கு. கடைக்காரன் மகன் என்று எழுத வெட்கப்படாதே தம்பி. 1951ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தது வணிகர்களின் பணத்தில்தான்.

சகோதரிகளுக்கும் சொல்கிறேன். இத்தனையும் உங்களுக்கும் சேர்த்துத்தான். யாரோடு அனுப்புவது, எங்கே தங்குவது என்பது உங்கள் வீட்டார் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மதிப்பெண் எடுத்த பெண்ணிடம் விண்ணப்பத்தையே காட்டாமல் மறைப்பது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?

வட்டி ஹராம், சரி, மாற்று எங்கே?

இப்போது பன்னிரண்டு லட்சத்துக்கு வருகிறேன்.

வட்டிக் கடன் வாங்கிப் படிக்காதே என்று நாம் மேடையில் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதில் நான் ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோமே, அந்தப் பையன் எங்கே போவான்? ஒன்றிய அரசு 2013ல் சிறுபான்மை மாணவர்களுக்காக "படோ பர்தேஷ்" என்று ஒரு வட்டி மானியத் திட்டம் கொண்டுவந்தது. அது முதுகலையும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்குத்தான், இளங்கலைக்கு அல்ல. அதையும் 2022ல் நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில் முஸ்லிம் மாணவர்களுக்கு வட்டியில்லாக் கல்விக் கடன் தருவதாகச் சொல்லி, 2017ல் சட்டத்திலும் எழுதினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கே பத்தாண்டுக்கு மேல் இழுத்தடிப்புத்தான். அரசுகளிடம் உரிமையைக் கேட்போம், போராடுவோம். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

இந்தக் கடைத்தெருவில் நம்மவர் கடைகள் எத்தனை? 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு மாதம் 500 ரூபாய். ஒரு நாள் டீச்செலவு சிலருக்கு அதைவிட அதிகம். மாதம் 1 லட்சம். ஆண்டுக்கு 12 லட்சம். ஒரு பிள்ளையின் ஜெர்மன் முடக்கக் கணக்கு அப்படியே நிரம்பிவிடுகிறது! தர்மமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. கர்ளன் ஹசனா, அழகிய கடன். எழுதி, சாட்சி வைத்து, படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் இத்தனை தவணையில் திருப்பித் தருவேன் என்று கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். முதலில் போனவன் திருப்பும் பணத்தில் நான்காவது பிள்ளை போவான்.

ஒரு சகோதரர் காலையில் கேட்டார், "இதுவும் காட்டுப் பணம்தானே பாய்?" என்று. இல்லை! அங்கே 28 நாளில் பணம் ஏஜென்டின் பைக்குத் திரும்பிவிடும், பையன் வெறுங்கையோடு விமானம் ஏறுவான். இங்கே பணம் அவனுடையது. அவன் அதில்தான் சாப்பிடுவான். கடன் பத்திரத்தை யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

திருப்பித் தராவிட்டால்? சிலர் தராமல் போகலாம். நீங்கள் சரக்கு கொடுத்த கடைக்காரர்கள் எல்லோரும் திருப்பித் தந்துவிட்டார்களா? அதற்காக வியாபாரத்தை மூடிவிட்டீர்களா?

எல்லோரும் வெளிநாடு போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பதினெட்டு வயதில் தனியே சமைத்து, தனியே தொழுது, தனியே அழுது பழக எல்லாப் பிள்ளையாலும் முடியாது. இங்கேயே நல்ல கல்லூரியில் இளங்கலை முடித்து, முதுகலைக்குப் போவது பலருக்குச் செலவும் குறைவு, துணிவும் கூடுதல். அதை நீயும் உன் பெற்றோரும் உட்கார்ந்து பேசுங்கள். போவது என்று முடிவானால் மட்டும் படிவத்தை நீயே திற. நீயே நிரப்பு. வாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் காட்டு. அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தமிழில் சொல்லு. பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கடைக்காரருக்கு ஆங்கிலம் தேவையில்லை.

மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. தொழுகை முடிந்ததும் கீழே மண்டபத்தில் மேசை போட்டிருக்கிறோம். மாணவர்கள் பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்து வாருங்கள், பெயர் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருப்பவர்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறீர்கள். நாளை காலை போய் அதை வாங்கிவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வணிகர்களுக்கு வாசல் பக்கத்து மேசை. அங்கே ஒரு புதிய பேரேடு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் என் பெயரும் 500 ரூபாயும் எழுதியிருக்கிறேன், இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.